நூதனசாலையில் ஒரு மீஸான்

கல் இங்கே இருக்கிறது. அப்படியென்றால் அந்த மனிதர் எங்கே இருக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் என் மகள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கேட்ட இடம் கொழும்பில் பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய நூதனசாலை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பிள்ளை கேட்கும் கேள்வியை ஒருபோதும் தட்டிக்கழிக்கக் கூடாது என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அன்று நான் சொன்ன பதில், "முதல்ல தண்ணியக் குடி" என்பதுதான். அதைவிடச் சரியான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

நாங்கள் நூதனசாலை பார்க்கப் போகிற ஆட்கள் அல்ல. எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் டாக்டரைப் பார்க்கப் போவார்கள், பாஸ்போட் எடுக்கப் போவார்கள், கடைக்குச் சாமான் எடுக்கப் போவார்கள். என் கணவருக்குக் கல்முனையில் இரும்பு, சிமெந்துக் கடை. அந்தப் பாடசாலை விடுமுறையில் அவர் சாமான் எடுக்கப் போகும்போது நாங்களும் வருகிறோம், வழியில் பிள்ளைக்கு நூதனசாலைகளைக் காட்டுவோம் என்று சொன்னது நான்தான். புத்தகத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது என்பது என் காரணம். அது உண்மையான காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதுவும் உண்மை: ஊரில் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் இல்லாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊரின் அடக்க நிலமான மையவாடி கடற்கரைப் பக்கம் இருக்கிறது. இடம் நிரம்பிவிட்டது. பழைய கப்றுகளின், அதாவது புதைகுழிகளின், மேல் மண் போட்டு நிரவி, முதல் வரிசையிலிருந்து மறுபடி அடக்கத் தொடங்குவது என்று பள்ளிவாசல் நிர்வாகம் தீர்மானித்தது. அதற்கு முன்னர் மீஸான்களை எடுக்க வேண்டும். மீஸான் என்பது கப்றின் தலைமாட்டில் நடுகிற கல். வேண்டியவர்கள் தங்கள் மீஸானை எடுத்துப் போகலாம், மற்றவற்றை நிர்வாகம் அப்புறப்படுத்தும் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அறிவித்தார்கள். என் வாப்பாவின் மீஸான் முதல் வரிசையில் நின்றது.

நின்றது என்று எழுதுகிறேனே தவிர, அதை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. மதிலுக்கு வெளியே வீதியில் நின்று ஸலாம் சொல்வோம். மதிலில் இடையிடையே பூப்போல ஓட்டை விட்ட சிமெந்துக் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளால் பார்த்தால் மணலும் ஒரு பூவரச மரமும் தெரியும். வாப்பா மரத்துக்குப் பக்கத்தில் என்று கணவர் சொல்லியிருந்தார். மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நான் கேட்கவில்லை. ஆகவே இத்தனை வருடமும் மரத்தைப் பார்த்தே ஸலாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். மகள் பிறப்பதற்கு முன்னரே அவளுடைய மூத்தாப்பாவான என் வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவளுக்கும் அதையே பழக்கினேன். பாடசாலைக்குப் போகும் ஆட்டோ மையவாடியைக் கடக்கும்போது எங்கள் மகள் தலையை வெளியே நீட்டாமல், கையை வெளியே நீட்டாமல், மரத்துக்கு ஸலாம் சொல்வாள். தலையையும் கையையும் பற்றிய விதிகள் என்னுடையவை.

அந்த மீஸானைக் கடையில் வைத்து வார்த்தவர் என் கணவர். ஈர சிமெந்தில் ஆணியால் வாப்பாவின் பெயரை எழுதியவரும் அவர்தான். என்றாலும் அவர், "உன்ட வாப்பா. நீதான் சொல்லணும் புள்ள. எடுக்கிறதா, உடுறதா?" என்றார். நான் ஒரே பிள்ளை, அதனால் கேட்பதற்கு வேறு யாருமில்லை. உம்மாவிடம் கேட்டேன். எங்கள் வீடு எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு. உம்மா பின்பக்கத்து அறையில் இருக்கிறார்.

"எனக்கிட்டக் கேக்காத கா" என்றார் உம்மா. "மனிசன் உயிரோட இருக்கக்குள்ளயே அவர்ர சாமான எங்க வெக்கிறண்டு நாள் முழுக்கச் சண்டதான். இப்பயும் என்னால ஏலா."

"கொழும்புக்குப் போய் வந்து சொல்றன்" என்றேன் கணவரிடம். அவர் நிர்வாகத்திடம் அப்படியே போய்ச் சொன்னார். என் கணவர் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்கிற ஆள் அல்ல. "எங்கட வீட்டுக்காரி கொழும்புக்குப் போய் வந்து சொல்லுவாவாம்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு மீஸானைப் பற்றி முடிவெடுக்க ஒருத்தி ஏன் கொழும்புக்குப் போக வேண்டும் என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன்.

பயணத்தில் கணவருடைய திட்டம் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யச் சுத்தமான இடமுள்ள பள்ளிவாசல்களையும் நல்ல சாப்பாட்டுக் கடைகளையும் ஒட்டியது. அவற்றுக்கு நடுவில் நான் நூதனசாலைகளைச் செருகியிருந்தேன். மலை நாட்டில் முதலாவதாகப் பார்த்தது பழைய விவசாயப் பொருட்கள் வைத்திருந்த சிறிய இடம். கலப்பை, பரணுக்கு ஏறும் ஏணி, மாட்டு மணி. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நெல் அளக்கும் மரைக்கால் ஒன்று, விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தது.

மகள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். "உம்மா, பெரியப்பாட மரைக்கால ஆரு இஞ்ச கொண்டு வந்த?"

பெரியப்பா என்பது மாவடிப்பள்ளியில் இருக்கும் என் கணவரின் காக்கா, அதாவது அண்ணன். வயல் செய்கிறவர். "அது அங்கதான் இரிக்கி" என்றார் கணவர். "கோழி அடைக்கு வெச்சிரிக்கி. கண்ணாடியப் போட்டா கோழி எப்பிடி உள்ளுக்குப் போற?"

எனக்கு இது ஒரு நல்ல சந்தர்ப்பமாகத் தெரிந்தது. சாதாரணப் பொருளுக்கும் வரலாறு உண்டு என்று விளக்கத் தொடங்கினேன். முடிக்கும்போது மகள் அடுத்த அறையில் இருந்தாள். அங்கே வெள்ளைக்காரர் காலத்துப் பீங்கான் கோப்பைகள் அடுக்கியிருந்தன. எங்கள் வீட்டு ஹோலில் உள்ள ஷோகேஸிலும் இப்படித்தான் கோப்பைகள் இருக்கின்றன. உம்மாவின் கல்யாணத்துக்கு வந்தவை. இன்றுவரை யாரும் அவற்றில் தேத்தண்ணி குடித்ததில்லை.

"இவங்கட உம்மாவும் பாவிக்க உடல்ல போல" என்றாள் மகள்.

நான் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எழுதியிருந்த விளக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் வாசித்தால் பிள்ளைக்குச் சலித்துப் போய்விடுமோ என்று பயம். வாசிக்காமல் விட்டால் வெறுமனே பார்த்துவிட்டு வந்துவிடுவாளோ என்றும் பயம். ஒன்று விட்டு ஒன்று வாசித்தேன். வாசிக்காமல் விட்டவற்றில்தான் முக்கியமானது ஏதும் இருந்ததோ என்று இரவு முழுவதும் நினைத்தேன்.

கணவர் ஒவ்வொரு நாளும் வான் சாவியைக் கையில் எடுக்கும்போது கேட்டார். "யோசிச்சியா?"

"யோசிக்கன்."

கொழும்பு நூதனசாலை பெரியது. அரசர்களின் வாள்கள் இருந்தன, நாணயங்கள் இருந்தன, பல்லக்கு இருந்தது. கணவர் ஒரு பழைய கதவின் பிணைச்சலுக்கு முன்னால் நின்றுவிட்டார். இப்போது வருகிற பிணைச்சல்கள் இரண்டு மழைக்குத் துருப்பிடிப்பதைப் பற்றிக் கதவிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார். நானும் மகளும் முன்னால் நடந்தோம்.

கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட விறாந்தையில் கல்வெட்டுகளைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். முன்னால் ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது. சிங்கள எழுத்து, தமிழ் எழுத்து, எனக்குத் தெரியாத எழுத்துகள். கடைசிக்கு முதல் நின்ற கல்லில் அரபு எழுத்து. மகள் குர்ஆன் ஓதப் போகிறவள் என்பதால் அவளை வாசிக்கச் சொல்லலாம் என்று கிட்டப் போனேன். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு சொல்லைத்தான் என்னால் பிடிக்க முடிந்தது. கப்று என்ற சொல். கீழே இருந்த பலகையில் கல்லறைக் கல் என்று தமிழில் போட்டிருந்தது. எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும் போட்டிருந்தது. எங்கள் பக்கம் அல்ல.

அது ஒரு மீஸான்.

என் வாழ்க்கையில் ஒரு மீஸானுக்கு இவ்வளவு பக்கத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. டிக்கட் எடுத்து நின்றிருந்தேன்.

என்னை அறியாமலே முந்தானையை இழுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டு பின்னால் போனேன். எவ்வளவு தூரம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் மையவாடி வீதியில் நிற்கிற தூரம். அங்கே காவலுக்கு இருந்த பெண் எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து, தான் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு அதில் உட்கார்ந்தேன்.

மகள் கயிற்றுக்கு முன்னால் தனியாக நின்றாள். தலையை நீட்டவில்லை, கையை நீட்டவில்லை. பாடசாலையில் காலைக் கூட்டத்தில் சொல்வதைப் போலச் சத்தமாக, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். கப்றில் உள்ளவர்களே என்று தொடர வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "வஅலைக்குமுஸ் ஸலாம்" என்றது.

எங்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட வயதான ஒருவர் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தார். தனக்குச் சொன்ன ஸலாம் என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டார். மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"உம்மா, இவர்தானா அவர்?"

கதிரையிலிருந்து எழும்பி அவள் வாயைப் பொத்துவதற்குள் அந்தப் பெரியவர் குனிந்து பலகையை வாசித்துவிட்டார். "இன்னும் இல்ல மகள்" என்றார். "கொஞ்சம் நாள் கெடக்கு." அவருடைய மனைவி சிரித்து, "எப்ப பாத்தாலும் டொக்டர்ட மருந்தக் குடிக்காம இருந்தா பிள்ளையள் அப்பிடித்தான் கேக்கும்" என்றார். அவர்கள் பீரங்கிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"கல்லு இஞ்ச எண்டா அவர் எங்க உம்மா?"

"அவர் அவர்ர ஊர்ல."

"அங்க அவருக்குக் கல்லு இல்லயே. அப்ப எது அவர்ர இடமெண்டு ஆருக்குத் தெரியும்? ஸலாம் எங்க போற?"

முதல்ல தண்ணியக் குடி என்றேன்.

கணவர் வந்து சேர்ந்தார். கயிற்றுக்கு மேலால் வளைந்து விரல் மொளியால் கல்லைத் தட்டப் போனார். காவல் பெண், "ஐயோ மஹத்தயா, தொட எபா, தொட வேணாம்!" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார்.

"தொடல்ல மிஸ். என்ன கல்லெண்டு பாக்கிற." என்னிடம் திரும்பினார். "கருங்கல்லு. நல்ல வேல. ஆனா நான் வாப்பாக்கு வாத்தது உள்ளுக்குக் கம்பி போட்டு வாத்தது. அது இதவிட நிக்கும்."

"அதத்தானே புடுங்கப் போறாங்க" என்றேன்.

அவர் மறுபடி கல்லைப் பார்த்தார். பிறகு, "இதயும் ஆரோ புடுங்கித்தானே இரிக்காங்க" என்றார். "ஆரிட்டக் கேட்டிருப்பாங்க?"

பலகையில் அது போடப்படவில்லை. ஊர் போட்டிருந்தது, கல்லின் வகை போட்டிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று யாரிடமாவது கேட்டார்களா, கேட்கப்பட்டவள் கொழும்புக்குப் போய் வந்து சொல்கிறேன் என்று சொன்னாளா, அவள் வருவதற்குள் நாள் கடந்துவிட்டதா, எதுவும் போடப்படவில்லை. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் காவல் பெண்ணிடம் கொடுத்தேன். வாகனத் தரிப்பிடத்துக்கு வந்ததும் கணவர் சாவியை எடுத்தார். அவர் கேட்பதற்கு முன்னர், "எடுப்பம்" என்றேன்.

அவர் அங்கேயே நின்று நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "ஓம், கொழும்புலதான். ஓம், முடிவெடுத்திட்டா" என்றார்.

ஊருக்கு வந்த அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மீஸான் வீட்டுக்கு வந்தது. உரப்பையால் சுற்றி, கடையின் சின்ன லொறியில், இரண்டு பைக்கற் ஓட்டாணியோடு வந்தது. கணவர் பையை அவிழ்த்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. ஒரு பிள்ளையின் உயரம்கூட இல்லை. வாப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, இடம் போதாமல் கடைசியில் நெருக்கிக்கொண்டு முடிந்தது. கீழ்ப்பாதி கறுத்திருந்தது. மண்ணுக்குள் நின்ற பகுதி அது. மண் எதுவரை இருந்தது என்பது கோடு போட்டது போலத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே ஈர மணல் ஒட்டியிருந்தது.

"மரத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"கடல் பக்கம்" என்றார்.

உம்மா வந்து பார்த்தார். "எங்க வெக்கப் போறாய்?" என்றார்.

இதை நான் யோசிக்கவில்லை. எடுப்பதா விடுவதா என்று மட்டும்தான் யோசித்திருந்தேன். ஷோகேஸுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன். வருகிற ஆட்கள் உள்ளே வந்ததும் மீஸானைக் கண்டால் எப்படித் தேத்தண்ணி குடிப்பார்கள் என்று உம்மா கேட்டார். வளவில் முருங்கைக்குக் கீழே என்றால் குளிக்கிற தண்ணீர் ஓடுகிறது. கோழி ஏறும். உடுப்புக் கழுவுகிற பெண் தட்டையான கல் என்று அதில் உடுப்பை அடித்துவிடுவாள். கணவர் கடைக்குக் கொண்டு போனார். இரண்டாம் நாள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் உம்மாவுக்கும் இதேபோல ஒன்று வார்த்துத் தரும்படி கேட்டார். அவருடைய உம்மா உயிரோடு இருக்கிறார். மீஸான் திரும்பி வீட்டுக்கு வந்தது.

மௌலவியிடம் கணவர் விசாரித்தார். அது அடையாளத்துக்கு வைத்த சிமெந்து, அதற்கென்று ஒரு கடமையும் இல்லை, துப்புரவான இடத்தில் மரியாதையாக வையுங்கள், ஸலாமும் துஆவும் கப்றில் உள்ளவருக்குத்தான் என்றாராம். சரியான பதில். எனக்கு விளங்கியது. அதைப் பிள்ளைக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது என்று அவரிடம் கேட்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

இப்போது அது நெல் மூட்டை வைக்கிற அறையில், ஒரு பலகைக்கு மேல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. முதல் கிழமையிலேயே மகள் அதற்கு முன்னால் இரண்டு கதிரைகளை வைத்து உடுப்புக் காயப்போடுகிற கயிற்றைக் கட்டிவிட்டாள். பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து ஒரு பலகையும் எழுதி வைத்தாள். "எங்கட மூத்தாப்பாட கல். கடற்கரையில் இருந்து வந்தது. தொட எபா." நெல் எடுக்கப் போகிற உம்மா ஒவ்வொரு தடவையும் கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. "உயிரோட இருக்கக்குள்ளயும் பாதையில்தான் கதிரயப் போட்டுக்கிட்டு இருப்பார்" என்று சொல்லிக்கொண்டே அவிழ்ப்பார். கட்டும்போது மகள் கட்டிய அதே முடிச்சைப் போட்டுவிட்டுப் போவார்.

காலையில் சப்பாத்துப் போட்ட பிறகு மகள் அந்த அறை வாசலில் நின்று ஸலாம் சொல்கிறாள். அதன் பிறகு ஆட்டோவில் ஏறுகிறாள். மையவாடியைக் கடக்கும்போது பேசாமல் இருக்கிறாள். முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்து ஞாபகப்படுத்தினேன்.

"ஊட்டயே சொல்லிட்டன் உம்மா."

"அது கல்லுக்கு. இது மூத்தாப்பாக்கு."

"கல்லு ஊட்ட. அப்ப இஞ்ச மூத்தாப்பா எங்க?"

ஓட்டைக் கல்லுக்குள்ளால் பார்த்தேன். நிரவிய மணல், ஒரே மட்டமாக. மரம் இருந்தது. கடல் பக்கம் என்று சொன்னார். கடல் பக்கமும் மணல்தான். அன்றிரவு கணவரிடம் சொன்னபோது, சுனாமி வந்த நேரம் எத்தனையோ மீஸான் இடம் மாறிப் போனது, ஆட்கள் ஒரு குத்துமதிப்பில் எடுத்து நட்டார்கள், அன்றிலிருந்து இன்றுவரை எல்லாரும் ஸலாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் இப்போது இரண்டு இடத்திலும் சொல்கிறேன். அறைக்கு முன்னால் மெதுவாக, வீதியில் அதைவிட மெதுவாக. அறையில் கயிற்றுக்கு அப்பால் போய் எழுத்தைத் தொட்டுப் பார்க்க எனக்கு எந்தத் தடையும் இல்லை. இருந்தும் வீதியில் நிற்கிற தூரத்தில்தான் நிற்கிறேன். அடியில் ஒட்டிய மணல் காய்ந்துவிட்டது. அறையைக் கூட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது. உம்மா கழுவி வைக்கச் சொல்கிறார். கழுவவில்லை. உதிர்ந்த மணலை எங்கே போடுவது என்று தெரியாமல் பலகைக்குக் கீழேயே ஒதுக்கிவிடுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு மீஸான் வந்து சேர்ந்திருக்கலாம். நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள்? பார்வைக்குப் படும்படியா, படாதபடியா? நான் கல்லை ஒளித்து வைத்துவிட்டு மகளை மறுபடி மரத்தைப் பார்த்து ஸலாம் சொல்லப் பழக்க வேண்டுமா, அல்லது அவளுடைய கயிற்றையும் பலகையையும் அப்படியே விட்டுவிடலாமா? பிள்ளைகள் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? நீங்கள் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவு போதும்.